டெல்லியில் நான் தட்டிப் பார்த்த கல்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்லி அதற்குப் பிறகு வரும்.

பர்கூருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம், முள்ளும் பாறையுமாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை கட்டினேன். அந்த நிலத்தில் தண்ணீரே இல்லை என்று மூன்று பேர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நாலாவதாக ஆள் கூப்பிடவில்லை. பாறை எந்தப் பக்கம் சரிந்து ஓடுகிறது என்று நானே பார்த்து இடம் காட்டினேன். போர் போட வந்த லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போட்டான். தண்ணீர் வந்தது, இன்றைக்கும் வருகிறது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் படிகள் நான் கொடுத்த கல். நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற பள்ளிக்கூடத்தின் தரையும் என் கல்தான். நான் உட்கார்ந்து படித்தபோது அது சாணம் மெழுகிய தரை. மாடி வீடு கட்டினேன். ஒரே மகனை இன்ஜினியர் ஆக்கினேன். அதையும் கட்டியது என்றுதான் கணக்கில் வைப்பேன், ஏனென்றால் வீட்டைவிட அதற்குத்தான் அதிக வருஷம் ஆயிற்று.

என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எனக்கென்று அவர் விட்டுப் போனது ஒரு கடப்பாறை. பதினாலு வயதில் குவாரியில் உளிக்கு முனை தீட்டும் வேலைக்குப் போனேன். பிறகு கல் உடைத்தேன், மேஸ்திரி ஆனேன், பிறகுதான் பட்டறை. இடது கை மோதிர விரலுக்கு நுனி கிடையாது. கிரேன் சங்கிலி எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கட்டோடு வேலைக்குப் போய்விட்டேன். பெருமை பேசுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒன்றும் கட்டாதவன்தான் வெட்கப்பட வேண்டும்.

இவ்வளவு கட்டியவன் டெல்லியைப் பார்த்ததில்லை. என் கல் கப்பலேறி எங்கெங்கோ போயிருக்கிறது. நான் திருப்பதியையும் தர்மஸ்தலத்தையும் தாண்டியதில்லை. போன தை மாதம் மகன் பெங்களூரிலிருந்து விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னான். முன்னாடியே சொல்லியிருந்தால் பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அது அவனுக்குத் தெரியும்.

போனது ஐந்து பேர். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிறவன். மயிரிழை பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புவதுதான் அவனுக்குச் சம்பளம். மருமகள் ஆனேக்கல் பக்கத்துக் கன்னட வீட்டுப் பெண். தமிழ், தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாம் பேசுவாள். மாமனாரை அவர்கள் ‘மாவா’ என்பார்கள், அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள். என் மனைவி. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் ரிட்டையர்டு வாத்தியார். எந்தப் போர்டைப் பார்த்தாலும் சத்தமாகப் படிப்பது அவன் வழக்கம். விமானத்தில் அவசர வழி என்று எழுதியிருந்ததைக்கூடப் படித்தான்.

எனக்கும் ஹிந்தி தெரியும். பட்டறையில் இப்போது வேலை செய்கிற பையன்கள் பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள். தூக்கு, இறக்கு, மெதுவா, விலகு, தண்ணீர் அடி. இந்த ஐந்தையும் கிரேன் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி ஹிந்தியில் சொல்லுவேன். சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியாது.

முதல் நாள் குதுப் மினார். வாசலைத் தாண்டி அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கழுத்து வலித்த பிறகுதான் நிற்கிறேன் என்பதே தெரிந்தது. வட்டமாகக் கல் அடுக்குவது எவனுக்கும் வரும், கிணறு கட்டுகிறவன் கூடச் செய்வான். இது ஏற ஏற ஒடுங்குகிற வட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் வளைவு மாறும், ஒவ்வொரு கல்லுக்கும் வெட்டு மாறும். போதாததற்கு முதல் அடுக்கின் உடம்பெல்லாம் ஒரு மேடு வட்டமாக, ஒரு மேடு கூராக மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. அந்த மடிப்பு கீழிருந்து மேலே போகும்போது ஒரு இடத்திலும் தடம் மாறவில்லை. மின்சாரம் இல்லை, டயமண்ட் பிளேடு இல்லை. என் பட்டறையில் கம்ப்யூட்டர் மிஷின் இருக்கிறது, அதில் வெட்டினாலும் இதை அடுக்கச் சொன்னால் நான் யோசிப்பேன். நான் யோசிப்பேன் என்று சொல்லுகிற வேலை தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். “மாமா, போர்டுல எல்லாம் போட்டிருக்குது. படிக்கட்டுமா?”

“போர்டு என்னாத்துக்கு? கல்லே சொல்லுது.”

“என்னா சொல்லுது?”

“வாத்தியாருக்குச் சொல்லமாட்டன்னு சொல்லுது.”

என் மனைவி சிரித்துவிட்டாள். மச்சான் விடவில்லை. “அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு மட்டும் சொல்லும் போல,” என்றான். நான் அதற்குள் அந்தச் சிவப்புக் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டிப் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் வேலைக்காரன் கல்லைக் கண்ணால் பார்ப்பது பாதிதான். நடுவிரலின் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவோம். நல்ல கல் வெண்கலம் மாதிரி கணீரென்று சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் குரல் கம்மும். பின்னால் காலியாக இருந்தால் சொரைக்காயைத் தட்டின மாதிரி பொத்தென்று கேட்கும். நாற்பது வருஷமாக என் கை தானாகத் தட்டும். சம்பந்தி வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அவர்கள் வாசல்படியைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அன்றைக்குக் காவலாளி விசில் ஊதினான். மறுநாள் செங்கோட்டையில் இன்னொருவன் ஊதினான். அங்கே வெள்ளைப் பளிங்கில் பூக்கொடியைக் குடைந்து, குடைந்த பள்ளத்தில் வேறு நிறக் கல்லை வெட்டிப் பதித்திருந்தார்கள். நகத்தை வைத்து இழுத்தால் இணைப்பில் இடறித் தட்டுகிறதா என்று பார்த்தேன். தட்டவில்லை. பூ எது, தரை எது என்று விரலுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் விசில். மகன் ஓடி வந்தான்.

“அப்பா, இது நம்ம பட்டற யார்டு இல்ல. எத்தன வாட்டி சொல்றது?”

“என்னா பண்ணிட்டன்? தடவித்தான பாத்தன்.”

“தடவவும் கூடாது, தட்டவும் கூடாது. எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க.”

“பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான வந்திருக்கறாங்க.”

அவன் முகம் சிவந்தது. என் மனைவி என்னைத் தனியாக ஒரு தூண் பக்கம் இழுத்துப் போனாள். என் வலது கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “ஊருக்குப் போற வரைக்கும் ஒரு கல்லயும் தட்டமாட்டன்னு எம்மேல சத்தியம் பண்ணுங்க. புள்ள ஆசயா கூட்டிட்டு வந்திருக்கறான். அவன் மூஞ்சப் பாருங்க.”

எங்கள் ஊரில் தலைமேல் அடித்த சத்தியத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்பார்கள். குடியை விட முடியாதவன்கூடக் குழந்தை தலைமேல் அடிக்கச் சொன்னால் கையை இழுத்துக்கொள்வான். நான் சத்தியம் பண்ணினேன். மனசோடுதான் பண்ணினேன்.

அதன் பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். பெரிய அரசர் ஒருவரின் சமாதிக்குப் போனோம். தோட்டத்து நடுவில், பெரிய மேடை மேல், சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறது. எல்லோரும் மேலே குமிழைப் பார்த்தார்கள். நான் கீழே தரையைப் பார்த்தேன். ஓரத்துக் கல் ஒன்றில் விரல் நீளத்துக்கு ஒரு அடையாளம் கொத்தியிருந்தது. முக்கோணம், அதன் மேல் ஒரு கோடு. இரண்டு கல் தள்ளி அதே அடையாளம். அந்தப் பக்கம் நட்சத்திரம் மாதிரி வேறொன்று. அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குவாரியில் நாங்களும் கொத்துவோம். இந்தக் கல்லை உடைத்தவன் இன்னார் என்று மேஸ்திரிக்குத் தெரிவதற்கு. என்னுடையது இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி.

மச்சானைக் கூப்பிட்டேன். “போர்டுல இதப் பத்தி எழுதியிருக்குதா பாரு.”

அவன் முழுப் போர்டையும் படித்தான். அரசர் பெயர் இருந்தது, அவர் மனைவி பெயர் இருந்தது, வரைபடம் போட்டவர் பெயரும் இருந்தது. “இல்லியே மாமா,” என்றான்.

“எழுதமாட்டாங்க. ஆனா அவன் உஷாரு. தன் வேலய அவனே எழுதிட்டுப் போயிட்டான்.”

அந்த முக்கோணக்காரனை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டேன். தட்டவில்லை.

மூன்றாம் நாள் ஒரு அருங்காட்சியகம். எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. டெல்லியில் அப்படி நிறைய இருக்கின்றன. உள்ளே இருந்த சிலைகளைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கருங்கல்லில் ஒரு அம்மன். இடுப்பில் தொங்குகிற மணிச்சரத்தில் ஒவ்வொரு மணிக்கும் பின்னால் நூல் போகிற மாதிரி காற்று விட்டுக் குடைந்திருக்கிறான். அந்த இடத்தில் உளி ஒரு நெல்லளவு கூடப் போயிருந்தால் மணி உதிர்ந்திருக்கும், ஆறு மாச வேலை போயிருக்கும். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு செய்திருப்பான். பார்த்துக்கொண்டிருந்த நானும் அடக்கிக்கொண்டேன். மருமகள் வந்து, “மாவா, உசிரு விடுங்க,” என்றாள். அவள் கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு.

மேல்மாடிக்குப் போகிற அகலமான படிக்கட்டில்தான் நடந்தது. படிக்கட்டை ஒட்டிய சுவர் முழுக்கக் கறுப்பு கிரானைட் பலகைகள் பதித்திருந்தார்கள். சிலைகள் பழையவை, இந்தச் சுவர் புதுசு; என்னைக் கேட்டால் முப்பது வருஷத்துக்குள். கல் எங்கள் பக்கத்துக் கறுப்பு மாதிரி இருந்தது. கல்லுக்குள் பொடிப்பொடியாக நெருங்கியிருக்கும் அந்த மணி எனக்குத் தெரியும். என் பட்டறைக் கல் என்று சொல்ல மாட்டேன், தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு ஓரமாகப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

பாதி ஏறியதும் நின்றேன். ஆளுயரப் பலகை ஒன்றின் மேல் விளிம்பில் நூல் மாதிரி ஒரு நிழல் விழுந்தது. பக்கத்துப் பலகைகளில் அந்த நிழல் இல்லை. நிழல் விழ வேண்டுமென்றால் அந்தப் பலகை மற்றதைவிட முன்னால் வந்திருக்க வேண்டும். கீழே பார்த்தேன். மாடியில் ஏதோ கண்காட்சிக்கு உள்ளே விடுவதற்காக ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கட்டு நெடுக வரிசையில் நின்றார்கள். சிவப்பு ஸ்வெட்டர். நாலைந்து பிள்ளைகள் அந்தப் பலகையின் மேல் சாய்ந்துகொண்டு கதை பேசின.

பலகை எண்பது தொண்ணூறு கிலோ இருக்கும். முன்னால் சாய்ந்தால் பிள்ளைகள் மேல்தான்.

சத்தியம் ஞாபகம் வந்தது. என் மனைவி இரண்டு படி மேலே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தேன், நிழலைப் பார்த்தேன். பிறகு தட்டினேன். பொத்தென்றது. பக்கத்துப் பலகையைத் தட்டினேன், கணீரென்றது. திரும்ப அதைத் தட்டினேன். பொத்து.

“தட்டிட்டீங்களா,” என்றாள் மனைவி.

“உன் தண்ணிய குடு.”

மாத்திரை போட்டுக்கொள்வதற்காகச் சின்ன எவர்சில்வர் குடுவையில் தண்ணீர் வைத்திருப்பாள். வாசலில் மாத்திரைச் சீட்டைக் காட்டி அனுமதி வாங்கியது. என்ன ஏது என்று கேட்காமல் கொடுத்துவிட்டாள். மேல் படியில் ஏறி நின்று, அந்த நிழல் விழுந்த இடுக்கில் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். பலகை சுவரோடு ஒட்டியிருந்தால் தண்ணீர் முகத்தில் வழிய வேண்டும். ஒரு சொட்டு வழியவில்லை. குடுவைத் தண்ணீர் முழுக்க உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் பலகைக்கு அடியிலிருந்து படியில் கசிந்து வந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும் பின்னால் காலி. சிமென்ட் விட்டுவிட்டது. பலகை எந்தப் பிடியில் நிற்கிறது என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

அருங்காட்சியகச் சுவரில் ஒருவன் தண்ணீர் ஊற்றினால் காவலாளி என்ன நினைப்பான்? இரண்டு பேர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்கள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. தெரிந்த ஹிந்தியைப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். “ஹட்டோ! ஹட்டோ!” விலகு என்று அர்த்தம். கிரேனுக்குக் கீழே நிற்கிறவனைப் பார்த்துக் கத்துகிற கத்து அது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சத்தம் அதுவரைக்கும் கேட்டிருக்காது. பிள்ளைகள் பயந்து எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரோடு ஒண்டிக்கொண்டன. எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அவர்களோடு வந்த டீச்சர் அம்மாவுக்கு நான் பைத்தியமாகத் தெரிந்தேன்.

மகனும் மச்சானும் மேலேயிருந்து இறங்கி வந்தார்கள். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். மச்சான், “மாமா, சத்தியத்த ரெண்டு நாளுகூட தாங்கமுடியலியா?” என்றான்.

“கல்லு விழும்டா.”

“இத்தன வருஷம் விழாதது நீங்க வந்து தண்ணி ஊத்துன அன்னிக்குத்தான் விழுமா?”

“அதான் சொல்றன். என்னிக்கி விழும்னு எனக்கும் தெரியாது. விழும்னு தெரியும்.”

பின்னாலேயே வந்த மருமகள் காவலாளிகளிடம் ஹிந்தியில் பேசினாள். அவர்கள் கேட்கவில்லை, ஒருவன் என்னை ஆபீசுக்கு இழுத்தான். நான் போக மறுத்துவிட்டேன். நான் நகர்ந்தால் பிள்ளைகள் திரும்பவும் அங்கே போய்ச் சாய்வார்கள். பலகைக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டேன். அது விழுந்தால் முதலில் என் மேல்தான் விழும், அது தெரிந்துதான் நின்றேன். மகன் தாழ்ந்த குரலில் கெஞ்சினான். “அப்பா, வாங்கப்பா. போலீஸ் கேஸ் ஆயிடும். அம்மாவப் பாருங்க.”

அப்போது என் மனைவி இறங்கி வந்தாள். முழங்கால் வலியில் ஒவ்வொரு படியாக. வந்து என் பக்கத்தில் நின்றாள். “அவரு கல்லுல பொய் சொல்லமாட்டாரு,” என்று மகனிடம் சொன்னாள். “என் தல போனா போகுது. அந்தப் பசங்க தல இருக்குதே.”

நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என் வேலையைப் பற்றி அவள் சொன்ன பாராட்டு அது ஒன்றுதான். ஒன்று போதும்.

கூச்சல் கேட்டு ஒரு பெண் அதிகாரி வந்தார். கண்ணாடி, சால்வை, கழுத்தில் அட்டை. மருமகள் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா என்னைக் கேட்டதை அவளே தமிழில் சொன்னாள். “இவங்க கேக்கறாங்க மாவா, நீங்க எப்பிடி சொல்றீங்கன்னு. நீங்க இன்ஜினியரான்னு கேக்கறாங்க.”

“எம்மவன் இன்ஜினியரு. நான் கல்லுக்காரன். அம்மாகிட்ட நுழைவுச் சீட்டு ஒண்ணு இருந்தா குடுக்கச் சொல்லு.”

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, சட்டைப் பையிலேயே என் சீட்டு இருந்தது. எடுத்து, பக்கத்துப் பலகையின் மேல் இடுக்கில் செருகினேன். போகவில்லை, மடங்கியது. இதில் செருகினேன். சீட்டு முழுக்க உள்ளே போய்விட்டது. என் விரல் நுனியில் காகிதத்தின் ஓரம் மட்டும் நின்றது. அந்த அம்மாவையே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை மச்சான் பார்த்தான் என்பதில் எனக்கு அப்போதே ஒரு திருப்தி.

மகன் குனிந்து பார்த்தான். தொழிற்சாலையில் இரண்டு இரும்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று மெல்லிய தகட்டைச் செருகிப் பார்ப்பது அவன் தினசரி வேலை. சீட்டை இழுத்தான், செருகினான், பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து காவலாளியிடம் அவனே ஹிந்தியில் ஏதோ சொன்னான். காவலாளி என் தோளிலிருந்து கையை எடுத்தான். “என்னாடா சொன்ன?” என்று கேட்டேன்.

“ரிஜெக்ட்டுன்னு சொன்னன்,” என்றான். முதல் தடவையாகச் சிரித்தான்.

பிள்ளைகளை வேறு வழியாக அனுப்பினார்கள். கயிறு கட்டினார்கள். பராமரிப்பு ஆட்கள் நாலு பேர் ஏணியோடு வந்தார்கள். ராஜஸ்தான் பக்கத்துப் பையன்கள். கல்லைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது, வேலை தெரிந்தவர்கள். ஆனால் அவர்களை மேய்க்க வந்த சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. மேல் பக்கம் நெம்பச் சொன்னான். நெம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் குறுக்கே போய், முதலில் நாடாக் கயிற்றை இரண்டு சுற்றுப் போட வைத்தேன், அடியில் சாக்கு மடித்துப் போட வைத்தேன், பிறகு கீழ்ப்பக்கத்தை ஒரு விரல் தூக்கச் சொன்னேன். “தீரே, தீரே.” மெதுவாக, மெதுவாக. என் ஐந்து சொல் ஹிந்தி அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. பலகை இறங்கியபோது பின்னால் பிடித்திருந்த கம்பிகளைக் காட்டினார்கள். நாலில் மூன்று துருப்பிடித்து அற்றுப்போயிருந்தன. நாலாவது ஒரு ஈர்க்குச்சி கனம் இருந்தது. ஒரு பையன் என் காலைத் தொட்டான்.

இறக்கிய பலகையைச் சுவர் பக்கம் முகம் வைத்துச் சாய்த்தார்கள். நல்ல கல், பழுதில்லை, புதுக் கம்பி போட்டு இதையே பதிக்கலாம் என்று சொன்னேன். அந்தப் பையன்களிடம் குறி போடுகிற சிவப்புச் சாக்பீஸ் இருந்தது. வாங்கி, கல்லின் முதுகில் இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி போட்டேன். அதிகாரி அம்மா என்ன என்று கேட்டார். மருமகள் என்ன சொன்னாளோ தெரியாது. அந்த அம்மா கும்பிட்டார்.

இந்தியா கேட் போகவேண்டிய சாயங்காலம் அங்கேயே போயிற்று. தேநீர் கொடுத்தார்கள். வருகையாளர் புத்தகத்தை மேசையில் விரித்து எழுதச் சொன்னார்கள். கை துடைக்க நான் எழுந்து போனேன், கையெல்லாம் சாக்பீஸும் தூசியும். திரும்பி வருவதற்குள் மச்சான் பேனாவைப் பிடித்து அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். என்ன எழுதினான் என்று மருமகளைப் படிக்கச் சொன்னேன். ‘சிலைகள் மிகவும் அருமை, படிக்கட்டு சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது, ஊழியர்கள் அன்பானவர்கள்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான்.

“படிக்கட்டு சுத்தமா இருக்குதுன்னா எழுதுன?”

“மாமா, பொதுவா அப்பிடித்தான எழுதணும். மரியாத இல்ல?”

ஊருக்குத் திரும்பியதும் மருமகள் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் கேட்டுக்கொண்டதால்தான் எழுதினாள், அதை மறைக்கவில்லை. அந்தப் பலகையைப் பதித்துவிட்டீர்களா, எங்கள் மாமனார் விசாரிக்கிறார் என்று. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் வாசித்தாள்: தங்கள் குடும்பத்தின் வருகைக்கு நன்றி. வழக்கமான பராமரிப்பு ஆய்வின்போது தளர்ந்திருந்த ஒரு சுவர்ப் பலகை கண்டறியப்பட்டு, உடனடியாகச் சரி செய்யப்பட்டது. கீழே கையெழுத்து அந்த அம்மாவுடையது இல்லை, வேறு யாரோ.

திரும்ப வாசிக்கச் சொன்னேன். திரும்பவும் அதேதான் இருந்தது. “பேடா மாவா, வேணாம், மனசுல வச்சிக்காதீங்க,” என்றாள். மகன், “உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், போதாதா?” என்றான். போதாது.

இதற்கிடையே மச்சான் வேறு. போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, “டெல்லியில நாங்க ஒரு கல்லக் கண்டுபிடிச்சம் பாரு,” என்று பக்கத்து இலைக்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் கண்டுபிடித்தார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருத்தி எடுத்துச் சொன்னாள், ஒருவன் கடைசியில் நம்பினான். ஐந்தாவது ஆள் படிக்கட்டு சுத்தமாக இருக்கிறது என்று எழுதினான்.

டெல்லியை நான் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு ஊரை, அப்படிப்பட்ட கைகள் செய்த வேலையை, இனி ஒரு தடவை பார்ப்பேனா தெரியாது. பார்க்காதவர்கள் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். அதனால்தான் அந்த அருங்காட்சியகத்துக்காரர்களைக் கேட்கிறேன், இதைப் படித்தால் அவர்களுக்கே தெரியும். அங்கே வழக்கமான ஆய்வு எதுவும் நடக்கவில்லை. ஆய்வு என்று வந்தது நான்தான். என் மனைவி தலைமேல் அடித்த சத்தியத்தை மீறித்தான் அந்த ஆய்வு நடந்தது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பலகையின் முதுகில் என் அடையாளம் இருக்கிறது, ஆனால் அது சுவருக்குள் போய்விட்டது. பதித்த பையன்கள் அழித்திருக்க மாட்டார்கள். கல் வேலைக்காரன் இன்னொருவன் அடையாளத்தை அழிக்க மாட்டான். எனக்கு முன்பக்கத்தில் வேண்டும். பெயர் போட வேண்டாம். பக்கத்தில் சின்னதாக ஒரு கல் தகடு வைத்து, ‘இந்தக் கல் தளர்ந்திருந்ததைத் தட்டிப் பார்த்துச் சொன்னவர் பர்கூரைச் சேர்ந்த ஒரு கல் தொழிலாளி, ஐந்தாம் வகுப்பு’ என்று எழுதுங்கள். ஐந்தாம் வகுப்பை விட்டுவிடாதீர்கள். தகட்டுக்குக் கல் நான் அனுப்புகிறேன்.